ஜன்னல் துடைப்பவரின் வேனில் ஹோஸ் ரீல்: தெற்கு லண்டன் வண்டி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பிரிட்டனில் வீடுகளின் ஜன்னல்களை வெளிப்புறமிருந்து துடைக்கும் தொழிலில், ஏணி நின்ற இடத்தில் இன்று பெரும்பாலும் தண்ணீர் ஏறும் நீள்கம்புதான் நிற்கிறது. 2005 ஏப்ரல் 6 அன்று நடைமுறைக்கு வந்த உயரப்பணி ஒழுங்குவிதிகள் ஏணியைத் தடைசெய்யவில்லை. தரையில் நின்றே முடிக்கக்கூடிய வேலைக்காக ஒருவர் உயரத்தில் ஏறக் கூடாது என்ற முன்னுரிமையை மட்டும் வகுத்தன. அந்த முன்னுரிமைக்குக் கம்பு இயல்பாகவே பொருந்தியது. கார்பன் இழையால் ஆன இலேசான கம்பின் உச்சியில் பிரஷ் இருக்கும். கம்பின் உள்ளே ஓடும் மெல்லிய குழாய் வழியாகத் தாது உப்புகள் நீக்கப்பட்ட தண்ணீர் மேலேறி, கண்ணாடியைக் கழுவி, கறை விடாமல் தானே உலர்ந்துவிடும். இந்தத் தண்ணீரை வேனில் உள்ள தொட்டியிலிருந்து கம்பின் அடிவரை கொண்டுசேர்ப்பது நூறு மீட்டர் ஹோஸ். அந்த ஹோஸைச் சுற்றி வைத்திருப்பது ரீல்.

வேனை வடிவமைப்பவர்கள் தொட்டியையும் பம்பையும் வடிகட்டியையும் பற்றி நிறையப் பேசுவார்கள். ரீல், மிஞ்சிய மூலையில் கடைசியாகத் திருகப்படும். ஆனால் தொழிலாளியின் கை ஒரு நாளில் அதிகம் தொடுவது ரீலைத்தான். இங்கே ஆராயப்படும் வண்டியில் இருந்த கோளாறுகள் ஏறத்தாழ அனைத்தும், ரீலையும் அதில் சுற்றிய குழாயின் உள்விட்டத்தையும் கடைசி முடிவாக விட்டதிலிருந்து பிறந்தவை.

வண்டியும் அதன் வேலையும்

க்ராய்டன் பக்கத்தில் தனியாளாகத் தொழில் நடத்தும் ஒருவருடைய நடுத்தர அளவு வேன் இது. வாக்ஸால் விவாரோ, ஃபோர்டு டிரான்ஸிட் கஸ்டம் போன்ற வகை. வாரத்தில் சில நாட்கள் மைத்துனரும் கூட வருவார். அந்தப் பகுதியின் குழாய்நீர் சுண்ணப்பாறையிலிருந்து வருவதால் கடினத்தன்மை மிக்கது. கரைந்த திடப்பொருள் 300 பி.பி.எம்.மை (பத்து லட்சத்தில் 300 பங்கை) ஒட்டி இருக்கும். அதைச் சுழியத்துக்கு இறக்க, தண்ணீரை நுண்சவ்வு வழியாக அழுத்தி வடிக்கும் எதிர்ச்சவ்வூடு வடிகட்டியும், மிஞ்சிய உப்பைப் பிடிக்கும் பிசின் கலனும் வீட்டிலேயே இருக்கின்றன. வேனில் இருப்பவை 500 லிட்டர் தொட்டி, 12 வோல்ட்டில் இயங்கும் 100 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு அழுத்தம்) டயாஃப்ரம் பம்ப், அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர், 110 ஆம்பியர்-மணி பேட்டரி, பிறகு ரீல்.

தொட்டியை முதலில் பொருத்தியவர் அதைச் செம்மையாகச் செய்திருந்தார்: ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னுள்ள தடுப்புச் சுவரை ஒட்டி, தாழ்வாக, அடியில் தகடுகள் கொடுத்துத் தரையோடு போல்ட் செய்து. ரீலுக்கு அந்தக் கவனம் கிடைக்கவில்லை. பிளாஸ்டிக் ரீல் ஒன்று பக்கவாட்டுக் கதவை நோக்கித் தரையில் நின்றது. அதைப் பிடித்திருந்தவை பிளைவுட்டில் இறங்கிய மரத்திருகுகள் மட்டுமே. அதில் 6 மி.மீ. உள்விட்டமுள்ள 100 மீட்டர் ஹோஸ் சுற்றப்பட்டிருந்தது.

உரிமையாளர் சொன்ன குறைகள் நான்கு. பம்ப் அவ்வப்போது தானாக நின்று கன்ட்ரோலர் 'அடைப்பு' என்று காட்டுகிறது; குளிர்காலக் காலைகளில் இது கூடுகிறது. நிலையான குழாயிலிருந்து சுழலும் ரீலுக்குத் தண்ணீர் புகும் சுழல் இணைப்பு எந்நேரமும் சொட்டுகிறது. ஹோஸ் கதவு விளிம்பில் உரசி ஓரிடத்தில் வெட்டுப்பட்டிருக்கிறது. மாலையில் வலது தோள் தூக்க முடியாமல் வலிக்கிறது. முதல் குறைக்காகப் பேட்டரியும் பம்பும் ஏற்கெனவே மாற்றப்பட்டிருந்தன. குறை அப்படியே இருந்தது.

பம்ப் ஏன் நின்றது

குளிரில் பேட்டரி சோர்ந்துவிடுகிறது என்பது உரிமையாளரின் எண்ணம். பொருத்தமான ஊகம்தான் என்றாலும், பம்ப் ஓடும்போதே அதன் முனைகளில் மின்னழுத்தத்தை அளந்து பார்த்ததில் குறை ஏதும் தென்படவில்லை. எனவே தண்ணீரின் பக்கம் திரும்ப வேண்டியிருந்தது.

ஒரு குழாயில் நீர் ஓடும்போது இழக்கும் அழுத்தத்தை அதன் உள்விட்டம் தீர்மானிக்கும் அளவுக்கு வேறெதுவும் தீர்மானிப்பதில்லை. சுழித்து ஓடும் நீருக்கு, ஒரே அளவு தண்ணீர் ஒரே நீளக் குழாயில் செல்லும்போது, இழப்பு விட்டத்தின் ஏறத்தாழ ஐந்தாம் அடுக்குக்கு எதிர்விகிதமாக மாறுகிறது. நிமிடத்துக்கு 2 லிட்டர் என்ற வழக்கமான ஓட்டத்தை எடுத்துக்கொண்டு, வழுவழுப்பான குழாய்க்குரிய கணக்கைப் போட்டால், 100 மீட்டருக்கு 6 மி.மீ. குழாயில் சுமார் 4 பார், அதாவது 58 பி.எஸ்.ஐ., இழக்கப்படுகிறது. 8 மி.மீ. குழாயில் அதே ஓட்டத்துக்கு 1 பார் போதும். 12.5 மி.மீ. தோட்டக் குழாயில் இழப்பு 0.12 பார் மட்டுமே, பொருட்படுத்தவே வேண்டாம்.

இந்த இழப்போடு கணக்கு முடிவதில்லை. கம்புக்குள் ஓடும் 5 மி.மீ. குழாய் 10 மீட்டர் நீளத்தில் இன்னொரு 0.95 பாரை விழுங்குகிறது. தண்ணீரை 10 மீட்டர் உயரத்துக்கு ஏற்ற மேலும் 1 பாருக்குச் சற்றுக் குறைவாக வேண்டும். பிரஷில் உள்ள இரண்டு நுண்துளைகளுக்கு 0.3 பார் என்று வைத்துக்கொள்ளலாம். அனைத்தையும் கூட்டினால் 6.2 பாரைத் தாண்டி, 90 பி.எஸ்.ஐ.யை ஒட்டி நிற்கிறது. பம்பின் அழுத்த சுவிட்ச் அதை நிறுத்துவதோ 100 பி.எஸ்.ஐ.யில். ஆக, மேல்மாடி ஜன்னலுக்குக் கம்பை உயர்த்தும் ஒவ்வொரு முறையும் இந்த அமைப்பு தன் எல்லைக்கோட்டின் மேலேயே நடந்துகொண்டிருந்தது.

குளிர்காலக் காலையின் புதிரும் இங்கேயே அவிழ்கிறது. 20 டிகிரி செல்சியஸில் இருப்பதைவிட 5 டிகிரியில் தண்ணீரின் பாகுத்தன்மை ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. சுழித்து ஓடும் நீரில் உராய்வு, பாகுத்தன்மையின் நான்காம் படிமூலத்தை ஒட்டியே ஏறுவதால் இழப்பு பத்து விழுக்காடு அளவில்தான் கூடுகிறது. சாதாரண நாளில் அது யாருக்கும் தெரியாது. ஏற்கெனவே 90 பி.எஸ்.ஐ.யில் இருப்பவருக்கோ அந்தப் பத்து விழுக்காடு 98-க்குக் கொண்டுபோய் விடுகிறது. சுவிட்ச் வெட்டுவதற்கு வேறு என்ன வேண்டும்? கன்ட்ரோலரின் நிலையும் இதேதான். குழாயின் முனை மூடப்பட்டதா என்பதை அது மோட்டார் இழுக்கும் மின்னோட்டத்தின் ஏற்றத்தை வைத்துத்தான் ஊகிக்கிறது. ஓட்டத்தின் தடையே அவ்வளவு இருக்கும்போது, திறந்த குழாயையும் மூடிய குழாயையும் அதனால் பிரித்தறிய முடிவதில்லை. கன்ட்ரோலரின் அளவைத் திரும்பத் திரும்ப ஏற்றிப் பார்த்ததால் நடந்தது ஒன்றே: உண்மையாகவே குழாய் மூடப்பட்டபோதும் பம்ப் நிற்காமல் உந்தி, இணைப்புகளைக் கசியவைத்தது.

இந்தத் தொழிலில் பரவலாக உள்ள ஒரு தவறான எண்ணத்தை இங்கே குறிப்பிட வேண்டும். வீட்டு வாசலில் பத்து மீட்டர் மட்டும் இழுத்து வேலை செய்யும்போது இழப்பும் பத்து மீட்டருக்குரியதுதான் என்று பலர் நினைக்கிறார்கள். ரீலில் சுற்றிக் கிடக்கும் தொண்ணூறு மீட்டர் வழியாகவும் தண்ணீர் ஓடித்தான் வெளியே வர வேண்டும். சுருளாக இருப்பதால் அந்தப் பகுதியில் உராய்வு நேரான குழாயைவிடச் சற்று அதிகமே. வாங்கிச் சுற்றிய ஒவ்வொரு மீட்டருக்கும், பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும், பம்ப் கூலி கொடுத்துக்கொண்டே இருக்கிறது.

தீர்வாக மூன்று வழிகள் இருந்தன. ஓட்டத்தை நிமிடத்துக்கு 1.5 லிட்டராகக் குறைத்தால் 6 மி.மீ. குழாயிலேயே இழப்பு 2.4 பாருக்கு இறங்கும்; செலவில்லாத வழி, ஆனால் அழுக்கேறிய சட்டங்களைக் கழுவ அந்த நீர் போதவில்லை என்றார் உரிமையாளர். இரண்டாவது, குழாயை 70 மீட்டராகக் குறைத்து, தூரத்து வீடுகளுக்கு மட்டும் 30 மீட்டர் துண்டை இணைத்துக்கொள்வது. அவருடைய வாடிக்கை வீடுகளின் பட்டியலைப் பார்த்தால் பெரும்பாலானவற்றுக்கு 40 மீட்டரே போதும் என்பதால், என் பரிந்துரை இதுவாகவே இருந்தது. அவர் ஏற்கவில்லை: நடுவில் ஓர் இணைப்பு இருந்தால் அது நிறுத்தி வைத்த கார்களின் டயருக்கு அடியில் போய்ச் சிக்கும், ஒவ்வொரு முறையும் நடந்து போய் விடுவிக்க வேண்டும் என்றார். தெருவில் நிற்பவரின் அனுபவம் அது. அதற்கு எதிராகச் சொல்ல வலுவான காரணம் என்னிடம் இல்லை. எனவே மூன்றாவது வழி: 8 மி.மீ. உள்விட்டம், 12 மி.மீ. வெளிவிட்டம், அதே 100 மீட்டர்.

எடை கூடும் என்ற அச்சம் இந்த மாற்றத்துக்கு வழக்கமான மறுப்பு. 8 மி.மீ. குழாயில் தங்கும் தண்ணீர் 5 லிட்டர், 6 மி.மீ. குழாயில் 2.8 லிட்டர். குழாய்ச் சுவரின் எடை இரண்டிலும் 8 கிலோவை ஒட்டியே இருப்பதால், முழு நீளத்துக்கும் வித்தியாசம் இரண்டு கிலோ அளவில் அடங்கிவிடுகிறது. தோட்டக் குழாயின் கதை வேறு: அது தண்ணீரோடு 25 கிலோவைத் தொடும். இழப்பே இல்லாத குழாயை நாள் முழுவதும் இழுப்பதற்கு யாருக்கும் தெம்பிருக்காது.

ரீல் எந்தப் பக்கம், எந்த உயரம்

பக்கவாட்டுக் கதவை நோக்கி ரீலை வைத்தவருக்கு ஒரு காரணம் இருந்திருக்கும். பிரிட்டனில் வண்டிகள் இடப்பக்கம் ஓடுவதால் வேனின் பக்கவாட்டுக் கதவு இடப்புறத்தில், நடைபாதையை ஒட்டித் திறக்கிறது. போக்குவரத்துக்கு முதுகு காட்டாமல் ஹோஸை இழுக்கலாம். ஆனால் வேலை எப்போதும் நடைபாதைப் பக்கத்து வீட்டிலேயே அமைவதில்லை. எதிர்வரிசை வீட்டுக்கு இழுக்கும்போது ஹோஸ் கதவு விளிம்பில் மடங்கி, வண்டியைச் சுற்றிச் செல்கிறது. உரசலும் வெட்டும் வந்தது அங்கேதான். வேனைப் பின்னோக்கி ஓட்டி வீட்டு முற்றத்தில் நிறுத்தும்போதும் பின்கதவுதான் வேலையைப் பார்த்து நிற்கும். பின்பக்கத்துக்கும் ஒரு குறை உண்டு: இன்னொரு கார் நெருக்கி நிறுத்தினால் கதவைத் திறக்க முடியாது. இரண்டையும் எடைபோட்டு, முதன்மை ரீலைப் பின்கதவுக்கு மாற்றுவது என முடிவாயிற்று.

அடுத்த கேள்வி அச்சின் திசை. ரீலின் அச்சு வேனின் நீளவாக்கில் இருந்தால் கைப்பிடி நேராக ஆளைப் பார்க்கும், சுற்ற எளிது. ஆனால் ஹோஸ் பக்கவாட்டில் வெளியேறி, உருளை வழிகாட்டி ஒன்றில் செங்குத்தாகத் திரும்பித்தான் வெளியே வர முடியும், அந்தத் திருப்பத்தில் இழுவை கூடும். அச்சு குறுக்கே இருந்தால் ஹோஸ் நேராகப் பின்னால் வரும்; கைப்பிடி அச்சின் ஒரு முனையில், வேனுக்குள் இருக்கும். இங்கே குறுக்கு அச்சே தேர்ந்தெடுக்கப்பட்டது. அப்படித் தேர்ந்ததும், யாரும் கேட்காத ஒரு கேள்வி தானாக எழுகிறது: இவர் வலக்கைக்காரரா, இடக்கைக்காரரா?

வேனின் பின்னால் முன்பக்கம் பார்த்து நிற்பவருக்கு ரீல் இடது மூலையில் இருந்து, கைப்பிடி அதன் வலது முனையில் நடுவை நோக்கி இருந்தால், வலக்கை சுற்றும். இடக்கை வரும் ஹோஸைப் பிடித்து உருளையின் இந்த முனைக்கும் அந்த முனைக்குமாக அடுக்கடுக்காக விடும். வலது மூலையில் வைத்தால் எல்லாம் தலைகீழ். பிரிட்டனில் இடது மூலையே நடைபாதைப் பக்கமும் என்பதால் வலக்கைக்காரருக்கு இரண்டு நலன்களும் ஒன்றுசேர்கின்றன. இடக்கைக்காரர் நடைபாதையா கையா என்று ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். நானாக இருந்தால் கையைத் தேர்வேன், ஏனென்றால் சுற்றும் எண்ணிக்கை அப்படி.

அந்த எண்ணிக்கையைக் கணக்கிடலாம். உருளையின் விட்டம் 150 மி.மீ., அகலம் 400 மி.மீ. என்றால் 12 மி.மீ. ஹோஸ் ஒரு அடுக்கில் 33 சுற்றுகள் பிடிக்கும். முதல் அடுக்கில் 17 மீட்டர் அடங்கும். ஒவ்வொரு அடுக்குக்கும் விட்டம் வளர்வதால் ஐந்தாம் அடுக்கில் 26 மீட்டருக்கு மேல் இடமிருக்கும். ஐந்து அடுக்குகளில் 100 மீட்டர் அடங்கி, பக்கத் தட்டின் விளிம்புவரை சிறிது இடமும் மிஞ்ச, தட்டின் விட்டம் 300 மி.மீ.க்குக் குறையக் கூடாது. வீட்டுக்கு 40 மீட்டர் இழுப்பதாக வைத்தால், திரும்பச் சுற்ற 52 சுற்றுகள். நாளுக்கு இருபது வீடுகள் என்றால் ஆயிரத்துக்கு மேல். அந்த ஆயிரம் சுற்றுகளையும் அவர் முழங்கால் உயரத்தில், குனிந்து, தோளை முன்னே தள்ளிச் செய்துகொண்டிருந்தார். தோள்வலிக்கு வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை.

உயரத்தை ஆளை வைத்தே அளந்தோம். நிமிர்ந்து நிற்கையில் அவருடைய முழங்கை தரையிலிருந்து 105 செ.மீ.; வேனின் தளம் 57 செ.மீ. அச்சு முழங்கைக்குச் சற்றுக் கீழே இருப்பது சுற்றுவதற்குத் தோதான நிலை என்பதால், தளத்துக்கு மேல் 40 செ.மீ. உயரத்தில் அச்சு அமையும்படி சதுரக் குழாய்ச் சட்டம் ஒன்று செய்யப்பட்டது. கைப்பிடி முழு வட்டம் சுழலும்போது கதவுச் சட்டத்திலோ பிளைவுட் சுவரிலோ விரல்முட்டி மோதாமல் இருக்க நாற்புறமும் ஒரு கையளவு இடைவெளி விட வேண்டும். அட்டையில் ரீலின் உருவத்தை வெட்டி வைத்துச் சுழற்றிப் பார்த்தபோதுதான் கதவின் கீல் இடையில் வருவது தெரிந்து, சட்டம் உள்ளே தள்ளப்பட்டது.

மோட்டார் வைத்த மின் ரீல் வேண்டாமா என்ற பேச்சும் வந்தது. தோள் ஏற்கெனவே பழுதானவருக்கு அது வரம்தான். ஆயினும் அதற்குத் தனித் தடிமனான கம்பியும் தனி ஃபியூஸும் வேண்டும். பேட்டரியின் ஒரு பங்கு அதற்குப் போகும். ஹோஸின் முனை கையில் இல்லாதபோது பொத்தானை அழுத்தினால், குழாய் மேடுபள்ளமாகச் சுற்றிக்கொள்வதோடு விரலையும் இழுத்துக்கொள்ளும். உயரத்தைச் சரிசெய்த பிறகும் வலி நீடித்தால் மின் ரீலை யோசிக்கலாம் என்று ஒத்திவைத்து, பிரேக் உள்ள கை ரீல் ஒன்றை எடுத்தோம். பிரேக் அவசியம்: இல்லாவிட்டால் வளைவில் வேன் திரும்பும்போது ரீல் தானாக உருண்டு, தளமெங்கும் ஹோஸ் அவிழ்ந்து கிடக்கும்.

பொருத்திய முறை

ரீல், ஹோஸ், தண்ணீர், சட்டம் எல்லாம் சேர்ந்து 25 கிலோவை எட்டும். தொட்டியின் அரை டன்னுக்கு முன் இது அற்பமாகத் தோன்றலாம். ஆனால் விபத்தில் வேகம் குறைவது புவியீர்ப்பின் இருபது மடங்கு என்று கொண்டால், அந்த 25 கிலோ அரை டன் எடைக்குரிய விசையோடு முன்னே பாயும். உயர்த்திய சட்டத்தில் இருப்பதால் அடிப்பகுதியை நெம்பவும் செய்யும். மரத்திருகு அதற்கு முன் நிற்காது. எட்டு மி.மீ. போல்ட் ஒன்றே இந்த விசையைத் தாங்கும், பலவீனம் போல்ட்டில் இல்லை. ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய தடிமனே கொண்ட வேனின் தளத் தகடுதான் கிழியும். அதனால் நான்கு கால்களுக்கும் தளத்தின் அடிப்பக்கத்தில் உள்ளங்கை அகலத் தடித்த தகடுகள் கொடுக்கப்பட்டன. துளையிடும் முன் வேனுக்கு அடியில் படுத்துப் பார்ப்பதைத் தவிர்க்கவே கூடாது: எரிபொருள் தொட்டி, பிரேக் குழாய்கள், கம்பிக் கற்றைகள் எல்லாம் அந்தப் பக்கத்தில்தான் ஓடுகின்றன. துளையின் விளிம்பில் துத்தநாகப் பூச்சு இட்டு, ரப்பர் வாஷரும் சீலன்ட்டும் வைத்து மூடினோம். பிரிட்டனில் குளிர்காலச் சாலைகளில் தூவப்படும் உப்பு, பூச்சில்லாத துளையை விரைவில் துருவாக்கிவிடும்.

வேனின் பின்சக்கர அச்சுக்கு (பின்னச்சு) அப்பால் வைக்கும் பாரம் அந்த அச்சின் மீது தன் எடையைவிட அதிகமாக அழுத்தும். இங்கே ரீல் பின்னச்சிலிருந்து 0.9 மீட்டர் பின்னால். முன், பின் சக்கரங்களின் இடைத்தூரம் 3 மீட்டர். 25 கிலோ அங்கே 32 கிலோவாக இறங்கி, முன்னச்சிலிருந்து 7 கிலோவைத் தூக்குகிறது. சிறிய எண்தான், ஆனால் வேலைக்குத் தயாரான நிலையில், தொட்டி நிரம்ப, ஆளும் ஏறி, எடை மேடையில் இரண்டு அச்சுகளையும் தனித்தனியே நிறுத்திப் பார்த்த பிறகே வேன் தெருவுக்குப் போயிற்று.

சொட்டிக்கொண்டிருந்த சுழல் இணைப்பில் மூன்று முறை ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்தை மாற்றியதாக உரிமையாளர் சொன்னார். ஓ-ரிங்கின் பிழை அல்ல அது. பம்பிலிருந்து வந்த விறைப்பான குழாய் நேராகச் சுழல் இணைப்பில் செருகப்பட்டிருந்ததால், வேன் குலுங்கும் ஒவ்வொரு முறையும் இணைப்பு பக்கவாட்டில் நெம்பப்பட்டு, வளையம் ஒரு பக்கமாகத் தேய்ந்துகொண்டிருந்தது. விறைப்பான குழாயைச் சட்டத்திலேயே நிறுத்தி, அங்கிருந்து சுழல் இணைப்புவரை ஒரு முழ நீள மென்குழாயைத் தொய்வாக விட்டதும் கசிவு நின்றது.

கிளிப்புகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. திருகு வைத்த ஜூபிலி கிளிப், 1921-இல் காப்புரிமை பெற்ற நாளிலிருந்து பிரிட்டனின் எல்லாக் கருவிப்பெட்டிகளிலும் இருக்கிறது. பெரிய குழாய்களுக்கு அதை மிஞ்ச ஒன்றுமில்லை. 12 மி.மீ. குழாயில் மட்டும் அதன் பட்டை முழு வட்டமாக இறுகாமல், திருகு இருக்கும் இடத்தில் தட்டையாகி ஒரு இடுக்கை விடுகிறது. இந்த அளவுக்கு, இடுக்கியால் நெரித்து இறுக்கும் காது கிளிப்பே ஏற்றது. தாது நீக்கிய தண்ணீர், தொடும் உலோகத்திலிருந்து அயனிகளை எடுத்துக்கொள்ள முனையும் என்பதால், தண்ணீர் தொடும் இணைப்புகளைப் பிளாஸ்டிக்கிலும் துருப்பிடிக்காத எஃகிலும் வைத்துக்கொண்டோம். தூய்மையைத் தொட்டியில் மட்டும் அளந்து திருப்தி அடையாமல், பிரஷில் வடியும் நீரையும் அளக்க வேண்டும். புதிய குழாயில் இரவு தங்கிய முதல் ஐந்து லிட்டரைக் கண்ணாடியில் விடாமல் தரையில் விட்டுவிடுவது நல்லது.

ஹோஸை உருளையில் ஏற்றுவதற்கும் ஒரு முறை உண்டு. முழு நீளத்தையும் தெருவில் நேராக விரித்து, முறுக்கு நீங்கும்வரை தண்ணீர் ஓடவிட்டு, பிறகு பம்பை நிறுத்தி, கம்பின் குழாயைத் திறந்து அழுத்தத்தை இறக்கிவிட்டுத்தான் சுற்ற வேண்டும். அழுத்தம் உள்ள குழாய் சற்றுப் பருத்து விறைத்திருக்கும். அந்த நிலையில் இழுத்துச் சுற்றினால் உள்ளடுக்குகள் உருளையை நெரிக்கும். பிளாஸ்டிக் உருளைகள் நடுவில் வளைந்து உடைவதற்கு இதுவே வழக்கமான காரணம். பழைய ரீலிலும் அந்த வளைவு தொடங்கியிருந்தது. உருளையோடு இணையும் முனையில் ஒன்றரைச் சுற்று தளர்வாக விட்டோம். கடைசி மீட்டர் வரை இழுக்கப்படும் நாளில் அந்த இழுப்பு இணைப்பின் மேல் விழாது.

இரண்டாம் ரீல்

மைத்துனர் வரும் நாட்களுக்காக ஒரே பம்பிலிருந்து கவைக்குழாய் போட்டு இரண்டு ரீல்களுக்கும் கொடுக்கலாமே என்றார் உரிமையாளர். ஒருவர் குழாயை மூடினால் மற்றவருடைய ஓட்டம் எகிறும். ஒருவர் கீழ்த்தளத்திலும் மற்றவர் மேல்தளத்திலும் இருந்தால் தண்ணீர் முழுவதும் கீழ்க் கம்புக்கே போகும். கன்ட்ரோலருக்கும் எந்த முனை மூடியது என்று தெரியாது. எனவே இரண்டாம் ரீலுக்குத் தனிப் பம்பும் தனிக் கன்ட்ரோலரும் வைக்கப்பட்டன. தொட்டி மட்டும் பொது. 60 மீட்டர் ஹோஸ் கொண்ட சிறிய ரீலான அது, பழைய ரீல் நின்ற பக்கவாட்டுக் கதவருகே, இம்முறை தகடுகளோடும், கதவு விளிம்பில் நான்கு உருளைகள் கொண்ட வழிகாட்டியோடும் நிற்கிறது. ஒரு ஹோஸ் பின்னாலும் மற்றொன்று பக்கத்திலும் வெளியேறுவதால் இரண்டும் பின்னிக்கொள்வதில்லை.

அதிகம் பயன்படாத ரீலுக்கு ஓர் அபாயம் உண்டு. லீஜியனெல்லா பாக்டீரியா 20 முதல் 45 டிகிரி செல்சியஸ் வரையிலான தேங்கிய நீரில் பெருகும். வடிகட்டியின் கரி, கிருமியை அடக்கும் குளோரினை ஏற்கெனவே நீக்கிவிட்டிருக்கும். கோடையில் மூடிய வேனுக்குள் நாட்கணக்கில் கிடக்கும் ஹோஸ் அந்த வெப்பத்தை எளிதில் அடையும். பிரஷோ தண்ணீரை நுண்துளிகளாகச் சிதறடிக்கிறது. ஆள் வைத்து வேலை வாங்குபவர் என்ற முறையில் இந்த அபாயத்தை மதிப்பிடுவது உரிமையாளரின் சட்டக் கடமையும்கூட. வெளிர்நிறக் குழாயைவிட ஒளிபுகாத குழாயைத் தேர்ந்தோம், பாசி பிடிக்காமலிருக்க. மைத்துனர் வராத வாரங்களிலும் அந்த ஹோஸில் தங்கிய மூன்று லிட்டரைச் சிதறாமல் சாக்கடையில் ஓடவிடுவது வழக்கமாக்கப்பட்டது. குளிர்காலத்தில் கவலை எதிர்ப்பக்கம்: உறைபனி இரவில் பம்பின் தலையும் சுழல் இணைப்பும் விரிந்து வெடிக்காமலிருக்கச் சிறிய வெப்பமூட்டி ஒன்று வேனில் எரிகிறது.

பொருத்திய பின்

பம்ப் இடையில் நிற்பது ஓய்ந்தது. 8 மி.மீ. குழாயில் மொத்தத் தேவை 3.3 பாருக்குள் அடங்குவதால், கன்ட்ரோலரைப் புதிதாக அளவமைத்த பிறகு, கம்பின் குழாயை மூடும் கணத்தில் மட்டும் அது அடைப்பைக் காட்டுகிறது. காட்ட வேண்டியதும் அப்போதுதான். பம்ப் குறைந்த அழுத்தத்தில் ஓடுவதால் பேட்டரியும் நாள் முடிவில் முன்போல் வற்றுவதில்லை. தோள்வலி குறைந்திருக்கிறது, முழுதும் போகவில்லை. மின் ரீல் பற்றிய பேச்சு திறந்தே இருக்கிறது.

ஹோஸ் முன்னைவிடச் சற்று விறைப்பு என்பது உரிமையாளரின் புகார். பனிக்காலக் காலையில் பி.வி.சி. குழாய் விறைப்பது இயல்பு. தொட்டியை வெந்நீரால் நிரப்புபவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை, ஆனால் அதற்காக மட்டும் கொதிகலன் வைப்பது இந்த அளவு தொழிலுக்குக் கட்டுப்படியாகாது.

இன்னும் முடிவாகாதது அடுத்த வேன். லண்டனில் மின் வேனுக்கு மாறும் எண்ணம் உரிமையாளருக்கு இருக்கிறது. அவர் பார்த்துவைத்திருக்கும் வகையில், வண்டியை ஓட்டும் இழுவைப் பேட்டரி சரக்குத் தளத்துக்கு அடியிலேயே படுத்திருக்கிறது. அங்கே தளத்தைத் துளைக்கும் பேச்சுக்கே இடமில்லை. உற்பத்தியாளர் தந்த கட்டுவளையங்களிலும் அனுமதித்த புள்ளிகளிலும் மட்டுமே எதையும் பிணைக்க முடியும். அதை எண்ணித்தான் இப்போதைய சட்டம் தளத்தோடு பற்றவைக்கப்படாமல், நான்கு போல்ட்டுகளைக் கழற்றினால் முழுதாக வெளியே வரும்படி செய்யப்பட்டிருக்கிறது. அதன் கால்களைப் புதிய வண்டியின் கட்டுவளையங்களோடு இணைக்கும் குறுக்குத் தண்டுகளை, அந்த வண்டி கைக்கு வந்து அளவெடுத்த பிறகே செய்ய முடியும்.